வண்டியை ஓரங்கட்டு, லைசென்ஸ் எடு!

ஆதியில் மென்பொருள் ஓசியாகத்தான் கிடைத்தது. இன்றைக்கு ஏதாவதொரு சாஃப்ட்வேர் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் போய் இதைச் சத்தமாகச் சொன்னால் செக்யூரிட்டியைக் கூப்பிடுவார்கள். ஆனாலும் உண்மை அதுதான். 1960களில் ஐபிஎம்மிடம் ஒரு கம்ப்யூட்டர் எடுத்தால் (பெரும்பாலும் மாத வாடகைக்கு), அதில் ஓடும் புரோகிராம்களும், அவற்றை ஓட்டக் கற்றுக்கொடுக்கக் கழுத்தில் டை கட்டிய ஓர் ஆளும் கூடவே வந்துவிடுவார்கள். காய்கறிக்காரர் பையில் போட்டுத்தரும் கறிவேப்பிலை போல, அதற்கென்று தனி பில் கிடையாது. அமெரிக்க அரசு 1969 ஜனவரியில் ஐபிஎம் மீது ஏகபோக வழக்குப் போட்டது. அதே வருஷம் ஜூனில், இனி கம்ப்யூட்டருக்கு ஒரு விலை, புரோகிராமுக்கு ஒரு விலை, கற்றுக்கொடுப்பதற்கு ஒரு விலை என்று ஐபிஎம் அறிவித்தது. கறிவேப்பிலைக்கு விலை வந்த நாள் அது.

விலை வந்தால் திருட்டும் வரவேண்டுமே! 1975 ஜூன் மாதம், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ரிக்கீஸ் ஹயாத் ஹவுஸ் என்ற ஓட்டலில் வந்தது. எம்ஐடிஎஸ் என்ற கம்பெனி ஆல்டேர் என்ற தன் கம்ப்யூட்டரை வேனில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டிக்கொண்டிருந்தது. ஆல்டேருக்குக் கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முன்பக்கம் கொஞ்சம் சுவிட்ச், கொஞ்சம் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதை ஒரு கம்ப்யூட்டராக நடமாடவிட பில் கேட்ஸும் பால் ஆலனும் சேர்ந்து பேசிக் மொழியை எழுதிக் கொடுத்திருந்தார்கள். முன்பணம் கட்டியவர்களுக்கு அது வந்தபாடில்லை. ஓட்டலிலோ ஓட்டை போட்ட காகித நாடாவாக அனாதையாகக் கிடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்ற பொழுதுபோக்குக்காரர்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அந்த நாடாவின் நகல்கள் பெட்டி நிறைய வந்து இறங்கின. எடுத்துக்கொள்ள ஒரே ஒரு நிபந்தனை: ஒரு நாடா எடுத்துப் போகிறவர், அடுத்த முறை இரண்டாகக் கொண்டுவரவேண்டும். திருட்டுப் பொருளுக்கு வட்டி வசூலித்த முதல் கும்பல் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும்.

கேட்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1976 பிப்ரவரி 3ஆம் தேதியிட்டு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வயது அப்போது இருபது. கடிதத்தின் சாரம்: நீங்கள் எல்லோரும் திருடர்கள். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை. எங்களுக்குக் கிடைத்த ராயல்டியை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை. நாங்கள் செலவழித்த கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்பு மட்டும் 40,000 டாலருக்கு மேல்.

கணக்கு சரிதான். ஆனால் அந்த 40,000 டாலர் கம்ப்யூட்டர் நேரம் யாருடையது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிடிபி-10 என்ற இயந்திரத்தில்தான் தம்பி இரவும் பகலும் உட்கார்ந்து பேசிக் எழுதினார். மாணவன் ஒருவன் வெளி வியாபாரத்துக்கு இயந்திரத்தை ஓட்டுகிறான் என்று தெரிந்ததும் பல்கலைக்கழகம் கூப்பிட்டுக் கண்டித்தது. ஊரான் வீட்டு நெய்யே என்று அள்ளி ஊற்றிவிட்டு, நெய்க்கும் சேர்த்து ஊராரிடமே கணக்குச் சொன்ன கடிதம் அது. இன்னும் பின்னால் போனால், சியாட்டிலில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கேட்ஸும் ஆலனும் இன்னும் இரண்டு பையன்களும், ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்து இலவசமாக நேரம் அனுபவித்து, மாட்டிக்கொண்டு, ஒரு கோடை முழுக்கத் தடை வாங்கியவர்கள். பிறகு அதே கம்பெனி, ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், பதிலுக்கு நேரம் தருகிறோம் என்று கூப்பிட்டுக்கொண்டது. உரிமம் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுக்க இவரைவிட அனுபவசாலி கிடையாது என்று சொல்லலாம்.

கடிதத்துக்குப் பயன் இல்லை என்று தெரிந்ததும் கம்பெனிகள் பூட்டுக்கு மாறின. பூட்டு என்றால் எப்படிப்பட்ட பூட்டு? விண்டோஸ் 95க்கு ஒரு சாவி எண் கேட்பார்கள். முதலில் மூன்று இலக்கம், ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். அந்த ஏழு இலக்கங்களைக் கூட்டினால் வரும் தொகை ஏழால் வகுபட்டால் போதும், கதவு திறந்துவிடும். ஆகவே மூன்று ஒன்று, கோடு, ஏழு ஒன்று. ஏழு ஒன்றைக் கூட்டினால் ஏழு. இரண்டாம் வகுப்புப் பையன் திறக்கும் பூட்டைப் போட்டுவிட்டு, திருடு போகிறதே என்று புலம்பினார்கள். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது பூட்டைக் கெட்டிப்படுத்தினார்கள். ஆனால் கடைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே, பெரிய நிறுவனங்களுக்கு என்று ஒதுக்கிய ஒரு சாவி வெளியே கசிந்துவிட்டது. எஃப்சிகேஜிடபிள்யூ என்று தொடங்கும் அந்த 25 எழுத்துகளை, சொந்த பைக்கின் நம்பரைக்கூடப் பார்த்துச் சொல்லும் கம்ப்யூட்டர் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்கள்.

இடையில் பிரசாரம் வேறு. 1992இல் அமெரிக்க மென்பொருள் வெளியீட்டாளர் சங்கம், ‘டோன்ட் காப்பி தட் ஃப்ளாப்பி’ என்று ஒரு வீடியோ எடுத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பியது. இரண்டு பிள்ளைகள் ஒரு விளையாட்டை ஃப்ளாப்பியில் நகல் எடுக்கப் போகிறார்கள். உடனே திரைக்குள்ளிருந்து ஒரு ராப் பாடகர் குதித்து, கையை ஆட்டி ஆட்டி நீதி போதிக்கிறார். வீடியோ செம ஹிட். அதையே எல்லோரும் நகல் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

பாட்டுக்கு மசியாதவனைப் பக்கத்து சீட்டுக்காரன் மூலம் பிடிக்கலாம் என்று கண்டுபிடித்தது 1988இல் தொடங்கிய பிசினஸ் சாஃப்ட்வேர் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு. சுருக்கமாக பிஎஸ்ஏ. பெரிய மென்பொருள் கம்பெனிகள் சேர்ந்து வைத்துக்கொண்ட காவல்காரன். இது வெளியிட்ட விளம்பரங்கள், உங்கள் ஆபீசில் கள்ளப் பிரதி ஓடுகிறதா, முதலாளியைப் போட்டுக்கொடுங்கள் என்று அழைத்தன. தகவலுக்குச் சன்மானமும் உண்டு. 2007இல் அமெரிக்காவில் அதிகபட்சச் சன்மானத்தை 10 லட்சம் டாலர் என்று உயர்த்தினார்கள். இன்க்ரிமென்ட் கொடுக்காத மேனேஜரைப் பார்த்து மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்த கோடானுகோடி ஊழியர்களுக்கு அன்றுதான் மென்பொருள் உரிமச் சட்டத்தின்மேல் மரியாதை பிறந்தது.

இந்தச் சரித்திரத்தின் பெரிய போர் நடந்தது ஒரு கிட்டார் கம்பி கம்பெனியில். எர்னி பால் என்றால் கிட்டார் வாசிக்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எரிக் கிளாப்டனும் ஜிம்மி பேஜும் மீட்டிய கம்பி. தொழிற்சாலை கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில். 2000ஆம் ஆண்டு ஒருநாள் கோர்ட் உத்தரவோடு பிஎஸ்ஏகாரர்கள் வந்து இறங்கினார்கள். கூடவே துப்பாக்கி வைத்திருந்த ஃபெடரல் மார்ஷல்கள். போதைமருந்தா, கள்ளநோட்டா என்று வாசலில் நின்றவர்கள் பதறியிருப்பார்கள். தேடி வந்தது வேர்டும் எக்ஸெலும். போட்டுக்கொடுத்தவர் வேலையை விட்டுப் போன ஒரு முன்னாள் ஊழியர் என்பது முதலாளி ஸ்டெர்லிங் பாலின் கணிப்பு.

வேலையை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் துழாவினார்கள். லைசென்ஸ் இல்லாத பிரதிகள் சில டஜன் அகப்பட்டன. அவை எப்படி வந்தன என்பதுதான் விசேஷம். என்ஜினியருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவார்கள். அவருடைய பழையதைத் துடைத்துக் குமாஸ்தா மேஜையில் வைப்பார்கள். துடைத்தது துணியால், வெளிப்பக்கம் மட்டும். உள்ளே ஹார்டு டிஸ்க்கில் என்ஜினியர் போட்ட மென்பொருள் அப்படியே இருக்கும். குமாஸ்தா அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். வருஷக்கணக்காக யாரும் தொடவில்லை என்று தெரிந்தாலும் குற்றம் குற்றமே. நம் ஊரில் எந்த ஆபீசில் இது நடக்கவில்லை? மேனேஜரின் பழைய கம்ப்யூட்டர் அக்கவுண்ட்ஸுக்கு, அக்கவுண்ட்ஸின் பழசு ஸ்டோருக்கு, ஸ்டோரின் பழசு வாட்ச்மேன் ரூமில் சிசிடிவி பார்க்க. இறங்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு வழக்கு.

ஸ்டெர்லிங் பால் 65,000 டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டார். வக்கீல் செலவு இன்னொரு 35,000. அதோடு விட்டிருந்தால் அவரும் மறந்திருப்பார். ஆனால் சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கெல்லாம் மைக்ரோசாஃப்டிலிருந்து, இந்தக் கிட்டார்க்காரர் கதியைப் பாருங்கள், நீங்களாவது தள்ளுபடியில் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்ற தோரணையில் கடிதம் போனது. மனிதர் கொதித்துவிட்டார். ஆறு மாதத்துக்குள் இந்த ஆபீசில் மைக்ரோசாஃப்ட் வாசனையே இருக்கக் கூடாது என்று தன் கம்ப்யூட்டர் ஆட்களுக்கு உத்தரவு போட்டார். விண்டோஸுக்குப் பதில் ரெட் ஹேட் லினக்ஸ் வந்தது, மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பதில் ஓப்பன் ஆபீஸ் வந்தது, கம்பி உற்பத்தி ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. பயமுறுத்தி விற்க நினைத்த கம்பெனி, உள்ள வாடிக்கையாளரையும் இழந்தது. லினக்ஸுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் அதன் பக்தர்கள் பத்து வருஷம் பஜனை செய்தும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் அரசு நிறுவனமான எல்காட் 2006க்குப் பிறகு, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், மார்ஷல் யாரும் வராமலே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, மத்திய அரசின் போஸ் லினக்ஸும் இருந்தது. பையன்கள் எதைத் திறந்தார்கள் என்று கேட்டு அரசாங்கத்தைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

தனியார் ஆபீஸ்களில் நம் சரித்திரம் வேறு மாதிரி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவரிடம், எல்லாத்தையும் போட்டுக் கொடுத்துடுங்க என்பதுதான் மென்பொருள் கொள்முதல் உத்தரவு. எல்லாம் என்றால் விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், பேஜ்மேக்கர், ஒரு தமிழ் ஃபான்ட் மூட்டை. சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, கள்ளப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவருக்குக் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் ஜெயிலும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் வைத்திருக்கிறது. வியாபாரத்துக்கு இல்லை, லாபத்துக்கு இல்லை என்றால் கோர்ட் மனது வைத்து அபராதத்தோடு விடலாம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகள் இதில் ஏதாவது சலுகை உண்டா என்று தங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் இருந்தால் நல்லது.

இப்போதெல்லாம் துப்பாக்கி வருவதில்லை, மென்பொருள் கம்பெனிகளிடமிருந்து மெயில் வருகிறது. ‘உங்கள் மென்பொருள் சொத்துகளைச் சீரமைக்க உதவுகிறோம்’ என்று தேன் ஒழுகும். முதலாளி அதை சிஸ்டம் அட்மின் தம்பிக்கு ஃபார்வர்டு செய்வார். தம்பி எக்ஸெல் ஷீட் திறப்பார் (அந்த எக்ஸெலே லைசென்ஸ் உள்ளதுதானா என்ற கேள்வி இரண்டாவது வாரம்தான் எழும்). எந்த மெஷினில் என்ன இருக்கிறது, எந்த வெர்ஷன், எத்தனை பிரதி, அதற்கு பில் எங்கே என்று வரிசை வரிசையாக நிரப்பவேண்டும். அப்போதுதான் ஆபீசின் அந்தரங்கம் வெளியாகும். அக்கவுண்ட்ஸ் அம்மாவின் மெஷினில் போட்டோஷாப் இருக்கிறது, பேரனின் பாஸ்போர்ட் சைஸ் படத்தை வெட்ட. ஹெச்.ஆரிடம் ஆட்டோகேட் இருக்கிறது, எதற்கென்று அவருக்கே தெரியாது. எல்லா மெஷினிலும் வின்ரார் இருக்கிறது. 40 நாள் மட்டும் இலவசம் என்ற வின்ரார், ஐந்தாவது வருஷமாகப் பணிவோடு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதிலும் நிம்மதி கிடையாது. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த விண்டோஸ் லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரோடு உடன்கட்டை ஏறிவிடும், அடுத்த மெஷினுக்கு வராது. ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்’ ஆபீஸை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆபீசில் வைத்தால் தப்பு. சர்வருக்கு ஒரு லைசென்ஸ் வாங்கினால் போதாது, அதைத் தொட்டுப் பேசும் ஒவ்வொருவருக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். கோயிலைக் கட்டியவரே தர்ம தரிசனத்துக்கு டிக்கெட் எடுக்கும் ஏற்பாடு.

பெட்டி இருக்கிறதே, சிடி இருக்கிறதே, ஸ்டிக்கர் பளபளக்கிறதே என்று நீட்டினால் பிஎஸ்ஏ தரப்பு சீந்தாது. கம்பெனி பெயரும் தேதியும் போட்ட பில் வேண்டும். மெயில் வந்த மறுநாள் ஓடிப்போய் வாங்கிய லைசென்ஸும் கணக்கில் சேராது. முந்தைய தேதிதான் கணக்கு.

பெரிய கம்பெனிகளுக்கு இந்த அவஸ்தை கிடையாது என்று நினைத்தால், அவர்களுக்கு இதைவிடப் பெரிய அவஸ்தை. மார்ஸ் சாக்லேட் கம்பெனியிடம் ஆரக்கிள் என்ற மென்பொருள் கம்பெனி கணக்குக் கேட்டது. ஆரக்கிள் மென்பொருள் ஓடும் சர்வருக்கு மட்டுமல்ல, மெய்நிகர் ஏற்பாட்டில் அது எந்த சர்வருக்கெல்லாம் தாவ வாய்ப்பு இருக்கிறதோ அதற்கெல்லாம் கணக்கு. மார்ஸ் 2,33,089 பக்கம் ஆவணம் கொடுத்துப் பார்த்தது, போதவில்லை. 2015இல் மார்ஸே கோர்ட்டுக்குப் போனது. அந்த வருஷம் முடிவதற்குள் இரு தரப்பும் சத்தமில்லாமல் பேசித் தீர்த்துக்கொண்டன. ஜானி வாக்கர் தயாரிக்கும் டியாஜியோவிடம் எஸ்ஏபி என்ற மென்பொருள் கம்பெனி கேட்டது 5 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல். காரணம், அவர்களுடைய விற்பனை ஆட்களும் வாடிக்கையாளர்களும் வேறொரு கம்பெனியின் ஆப்பில்தான் ஆர்டர் போட்டார்கள். அந்த ஆப், பின்பக்கமாக எஸ்ஏபியோடு பேசியது. பின்பக்கமாகப் பேசினாலும் பயன்பாடுதான் என்று 2017இல் லண்டன் நீதிமன்றம் கொள்கையளவில் எஸ்ஏபி பக்கம் தீர்ப்புச் சொன்னது. விஸ்கி விற்கிறவர்களுக்கே தலை சுற்றியது.

இப்படி ஊர் உலகத்தையே நிறுத்தி லைசென்ஸ் கேட்டவர்கள் வீட்டில் என்ன நிலவரம்? 2004இல் ஜெர்மனியின் பிசி வெல்ட் பத்திரிகை ஒரு வேலை செய்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் மீடியா பிளேயரை அறிமுகம் செய்யும் சுற்றுலா ஒன்று உண்டு. அதற்கான ஒலிக் கோப்புகளை நோட்பேடில் திறந்தார்கள். கன்னாபின்னா குறிகளாக ஓடும். கடைசிக்குப் போனால் தெளிவாக இரண்டு விஷயம்: சவுண்ட் ஃபோர்ஜ் 4.5 என்ற மென்பொருளின் பெயர், பக்கத்தில் டீப்ஸோன் என்ற கையெழுத்து, அதிலும் ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம். மென்பொருள் பூட்டுகளை உடைத்து விநியோகித்த ரேடியம் என்ற கும்பலின் உறுப்பினர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. உடைத்த பிரதியில் தயாரான ஒலி, அசல் விண்டோஸ் சிடியில் ஏறி, ஹாலோகிராம் ஒட்டிய பெட்டியில் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. முழு விலை கொடுத்து வாங்கிய யோக்கியர்கள் வீட்டிலும் டீப்ஸோன் குடியிருந்தார்.

கடைசியாக ஒரு கணக்கு. அமெரிக்கக் கடற்படை, பிட்மேனேஜ்மென்ட் என்ற ஜெர்மானியக் கம்பெனியிடம் முப்பரிமாணப் படம் காட்டும் மென்பொருளுக்கு 38 லைசென்ஸ் வாங்கியது. பிறகு அதைக் குறைந்தபட்சம் 4,29,604 கம்ப்யூட்டர்களில் ஏற்றியது. எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று எண்ணும் கருவியை மாட்டுவதாக ஒப்புக்கொண்டு, மாட்டவும் இல்லை. கம்பெனி 2016இல் வழக்குப் போட்டுக் கோடிக்கணக்கான டாலர் கேட்டது. துப்பாக்கியோடு மார்ஷல் யாரும் கடற்படை அலுவலகத்துக்குள் நுழையவில்லை, அங்கே இருப்பவர்களிடம் பீரங்கி இருக்கிறது. கடற்படை செய்தது அத்துமீறல்தான் என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், நிஜமாகப் பயன்படுத்தியவர்களை மட்டும் எண்ணி 2022இல் விதித்த நஷ்டஈடு 1,54,400 டாலர். குமாஸ்தா மேஜையில் யாரும் தொடாமல் கிடந்ததற்கும் சேர்த்துக் கிட்டார்க்காரர் கட்டியது, வக்கீல் செலவோடு, 1,00,000 டாலர்.

ஆகவே, சொந்தமாகக் கடற்படை வைத்திருக்காத முதலாளிமார்கள் பழைய கம்ப்யூட்டரைக் கை மாற்றும்போது ஹார்டு டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டுக் கொடுங்கள். வாங்கிய மென்பொருளுக்கான பில்லை, தீபாவளி சமயத்தில் ஆபீசைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.